பாம்புக் குழியின் வாத்தியக்காரர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் பாடியவர் பெயரைச் சொல்கிறோம். இசையமைத்தவர் பெயரைச் சொல்கிறோம். நடுவில் அந்தக் கிடார் யாருடையது என்று யாராவது கேட்டதுண்டா? மெல்லிசைக் குழுக்களில் நெடுங்காலம் பேஸ் கிடார், அதாவது அடிநாதம் தரும் கிடார், வாசித்தவன் நான். மேடையில் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் பேஸ் கிடார்காரன் கீழே குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பான். சரி, என் புலம்பல் இருக்கட்டும். நான் பேச வந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து வாத்தியக்காரர்களைப் பற்றி.

டெட்ராய்ட் கார் செய்யும் ஊர். அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்த பெர்ரி கோர்டி, 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் மோடவுன். வெஸ்ட் கிராண்ட் புலவார்டு என்ற சாலையில் ஒரு சாதாரண வீடு. வாசலில் ‘ஹிட்ஸ்வில்’ என்று பலகை. உள்ளே சில படிகள் இறங்கினால் ஒலிப்பதிவு அறை. மேலிருந்து வயர்கள் தொங்கிக்கொண்டிருந்ததால் வாத்தியக்காரர்கள் அதற்குப் ‘பாம்புக் குழி’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ் என்று உலகம் கொண்டாடிய பாடகர்கள் பாடியது அந்தக் குழிக்குள்தான். அவர்களுக்கெல்லாம் வாசித்தது பெரும்பாலும் ஒரே குழு: ஃபங்க் பிரதர்ஸ். பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், குழியில் இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். பியானோவில் முதலில் ஜோ ஹண்டர், பிறகு எர்ல் வான் டைக். பெரும்பாலும் ஜாஸ் இசை நடக்கும் இரவு மன்றங்களில் வாசித்துப் பழகியவர்கள். பகலில் குழி, இரவில் மன்றம்.

தட்டின் உறையில் இவர்கள் பெயர் கிடையாது. இதை மறுபடியும் சொல்கிறேன், இடையில் அடுப்பைப் பார்க்க எழுந்து போனவர்களுக்காக: உறையில் பெயர் கிடையாது. பெயர் தெரிந்தால் வேறு நிறுவனங்கள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் காரணம் என்பார்கள். அப்படியும் இவர்கள் இரகசியமாக வெளியே போய் வாசித்தார்கள். மாட்டிக்கொண்டால் அபராதம்! கோர்டியை வெறும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. கறுப்பின இசைக்காரர்களுக்கு நிலையான வேலை கொடுத்த இடம் அது. ஆனால் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

இனி என் ஆள், பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று நிலையத்தாரிடம் முன்பே சொல்லிவிட்டேன். 1936இல் தென் கரோலினாவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பரைக் கட்டி மண்ணில் ஊன்றி மீட்டுவாராம். எதற்கு? எறும்புகளை ஆட வைப்பதற்கு! டெட்ராய்டுக்கு வந்து பள்ளியில் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸைக் கற்றுக்கொண்டு, பிறகு மின்சார பேஸ் கிடாருக்கு மாறினார். வலக்கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல்தான் வேலை செய்யும். அந்த விரலுக்கு நண்பர்கள் வைத்த பெயர் ‘கொக்கி’. தந்தி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அதில் ஏறிய அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்பது அவர் கட்சி. நானும் அதைக் கேட்டுத் தந்தி மாற்றாமல் வாசித்துப் பார்த்தேன். எனக்கு அழுக்கு மட்டும்தான் சேர்ந்தது.

அதுவரை ஆட்டப் பாட்டுகளில் பேஸ் என்றால் பெரும்பாலும் ஆதார சுருதியும் பஞ்சமமும் மாறி மாறி, அவ்வளவுதான். ஜேமர்சன் அடியில் இருந்தபடியே தனியாக ஒரு பாட்டுப் பாடினார். தாளம் விழும் இடத்தில் விழாமல், ஒரு நூல் முன்போ பின்போ வந்து விழுவார். எழுதிக் காட்டினால் புரியும், வானொலியில் கையை விரித்துக் காட்டி என்ன பயன்? மார்வின் கே 1971இல் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டுக்கு இவரை ஒரு மன்றத்திலிருந்து தேடி அழைத்து வந்தார்களாம். குடித்திருந்ததால் நாற்காலியில் உட்கார முடியவில்லை, தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்பது இசைக்காரர்களிடையே நிலைத்துவிட்ட கதை. அதே பெயரில் அந்த ஆண்டு வந்த தட்டில்தான் முதன்முறையாக ஃபங்க் பிரதர்ஸ் பெயர்கள் அச்சாயின. ஜேமர்சனுக்கு ‘ஒப்பற்ற’ என்ற அடைமொழியும் கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1972இல், நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்தது என்று பின்னாளில் சொன்னார்கள். சிலர் கூடவே போனார்கள், பிழைப்பு அமையவில்லை. 1983இல் மோடவுனின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. ஜேமர்சனை மேடைக்கு அழைக்கவில்லை. அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 47.

இன்னொருவர், கிடார்காரர் ராபர்ட் வைட். ‘மை கேர்ள்’ பாட்டின் தொடக்கத்தில் படியேறுவதுபோல வரும் கிடார் அவருடையது. பல ஆண்டுகள் கழித்து ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பாட்டு ஒலிக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்க வந்த பணியாளரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஒன்றுமில்லை என்று உணவின் பெயரைச் சொல்லிவிட்டார். ‘இது நான் வாசித்தது’ என்று சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிடுவானோ என்ற கூச்சம்! கேட்பவர்கள் இல்லாத கலைஞன் வேறு. இவருக்கு உலகமே கேட்டுக்கொண்டிருந்தது.

இதைக் கூட இருந்து பார்த்துப் பின்னால் சொன்னவர் ஆலன் ஸ்லட்ஸ்கி. இவரும் கிடார்காரர்தான். ஜேமர்சனின் வாசிப்பை ஸ்வரப்படுத்திப் புத்தகமாக்கப் போனவர், அந்த வாழ்க்கையையும் சேர்த்து எழுதினார். 1989இல் வந்தது. பிறகு இந்த வாத்தியக்காரர்களைப் பற்றிப் படம் எடுக்கப் பணம் தேடிப் பத்தாண்டுகளுக்கு மேல் அலைந்தார். 2002இல்தான் படம் வெளிவந்தது. அதற்காக எஞ்சியிருந்தவர்கள் டெட்ராய்டில் மறுபடியும் ஒன்றாக மேடையேறினார்கள். ராபர்ட் வைட் 1994இலேயே இறந்துவிட்டார். இசைத்தட்டுகளில் முதலிடம் பிடித்த பாட்டுகளைக் கணக்கிட்டால் பீட்டில்ஸையும் எல்விஸையும் இன்னும் சிலரையும் சேர்த்தாலும் இவர்கள் வாசித்தவையே அதிகம் என்று படம் அடித்துச் சொல்கிறது. 2004இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கையை உயர்த்திவிட்டார். மூன்று டிரம்காரர்களைப் பற்றி விரிவாகக் குறித்து வைத்திருந்தேன். பென்னி பெஞ்சமின் 1969இலேயே போய்விட்டார், உறையில் பெயர் அச்சாவதற்கு முன்பே. ‘பிஸ்டல்’ ஆலன் மேடையில் வாசித்தார், ஆனால் படம் திரைக்கு வரும் முன்பு காலமானார். யூரியல் ஜோன்ஸ் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தார், 2009 வரை இருந்தார். தம்பூரின் வாசித்த ஜாக் ஆஷ்ஃபோர்டு, பனிக்காலத்தில் கார்ச் சக்கரத்துக்குப் போடும் சங்கிலியைக் குலுக்கி அவர்கள் பதிவு செய்த ஒரு பாட்டு... இல்லை, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.