வினைமுதல் யார்?

அவையோருக்கு வணக்கம்.

அபின் வழிவந்த வலிமருந்துகள் அமெரிக்காவில் பலரை அடிமையாக்கி உயிரையும் பறித்த ஓபியாய்டு நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்பதே என் பேச்சு. முதலில் ஒரு வாக்கியத்தை உங்கள் முன் வைக்கிறேன். 1995 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பர்டியூ பார்மா நிறுவனத்தின் ஆக்ஸிகாண்டின் என்ற வலிமாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. மாத்திரையோடு வந்த விவரக் குறிப்பு சொன்னதன் சாரம் இது: மருந்து மெதுவாக உடலில் சேர்வதால், அது தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்புக் குறையும் என்று நம்பப்படுகிறது.

நம்பப்படுகிறது! யாரால்? செயப்பாட்டு வினையை நடத்தும் தமிழாசிரியர் இதைத்தான் கேட்பார்: வினைமுதல் எங்கே அப்பா? அந்த நம்பிக்கையை நிறுவும் மருத்துவ ஆய்வு எதையும் நிறுவனம் நடத்தியிருக்கவில்லை. ஒப்புதல் ஆய்வை மேற்பார்த்த அதிகாரியோ பிற்பாடு பர்டியூவிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த மாத்திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கான ஆக்ஸிகோடோன் அதற்குள் அடைபட்டிருக்கிறது. அது அபினின் வழிவந்த மருந்து. முழுதாக விழுங்கினால் மெல்ல மெல்லக் கசியும். நசுக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலக்கும். நசுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதே குறிப்பில் இருந்தது. படித்தவர்களில் சிலர் எச்சரிக்கையை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார்கள்.

1996இல் விற்பனை தொடங்கியது. பிரதிநிதிகள் மருத்துவர்களின் கதவைத் தட்டினார்கள். மீன்பிடித் தொப்பி, பஞ்சு பொம்மை, இசைத்தட்டு என்று பரிசுகள் குவிந்தன. நோயாளி முதல் தடவை மருந்தை இலவசமாக வாங்கிக்கொள்ளக் கூப்பன் இருந்தது. போதைக்கு அடிமையாவோர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லப்பட்டது. இங்கும் செயப்பாட்டு வினைதான், கவனியுங்கள்.

அந்தக் கணக்குக்கு முட்டுக்கொடுத்தது 1980இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதம். மொத்தமே ஒரு பத்தி. மருத்துவமனையில் இருந்தபோது இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் 4 பேரிடம் மட்டுமே அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்கிறது. படுக்கையில், செவிலியர் கண்முன் மருந்து பெற்றவர்களைப் பற்றிய குறிப்பு அது. முதுகுவலிக்காக வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவருக்கும் அதையே பொருத்திவிட்டார்கள். 2017இல் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது அந்தக் கடிதம் 608 முறை மேற்கோளாகியிருந்தது. அதைத் திறந்து படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மருத்துவர்களுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. வெர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில் ஆர்ட் வான் ஸீ என்ற மருத்துவர் இருந்தார். சுரங்கத்தில் உழைத்து உடல் ஒடிந்தவர்களின் ஊர் அது. அங்கே வலி பொய்யில்லை. தன் நோயாளிகள் சரிவதைக் கண்ட அவர் வெளிப்படையாக எச்சரித்தார். 1996இல் 4.8 கோடி டாலராக இருந்த இந்த மருந்தின் விற்பனை 2000இல் ஏறத்தாழ 110 கோடி டாலராகிவிட்டதைப் பின்னாளில் எழுதிவைத்தவரும் அவர்தான்.

எச்சரிக்கை எழுந்தபோது நிறுவனம் என்ன செய்தது? 2001இல் அதன் தலைவராக இருந்தவர், அதன் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் சாக்லர். அவர் ஒரு மின்னஞ்சல் எழுதினார். மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவோரை எல்லா வழிகளிலும் அடிக்க வேண்டும், குற்றவாளிகள் அவர்களே, பிரச்சினையும் அவர்களே என்றார். அதுவரை காணாமல் போயிருந்த வினைமுதல் இங்கே வந்துவிட்டது, பாருங்கள்! விற்றவருக்கு இல்லாத வினைமுதல், விழுங்கியவருக்குக் கிடைத்துவிட்டது.

மேற்கு வெர்ஜீனியாவில் கெர்மிட் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை 400 அளவில். அங்கே ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டே ஆண்டுகளில் இதே மருந்துவகையைச் சேர்ந்த ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் ஏறத்தாழ 90 லட்சம் போய்ச் சேர்ந்தன. கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 22,500. சந்தேகத்துக்குரிய ஆர்டரைக் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மொத்த விற்பனையாளர்களுக்குச் சட்டம் விதித்த கடமை. 400 பேருக்கு 90 லட்சம் என்பதில் சந்தேகப்பட என்ன படிப்பு வேண்டும்? கிடங்கில் பெட்டி கட்டியவருக்கே தெரிந்திருக்கும்.

2007இல் பர்டியூவின் இணை நிறுவனம் ஒன்றும் மூன்று அதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் 63 கோடி டாலருக்கும் மேல் செலுத்தினார்கள். சற்று முன் சொன்ன 2000ஆம் ஆண்டு விற்பனையை நினைவில் வையுங்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. மாத்திரை வாங்கக் காசில்லாமல் ஹெராயினுக்குப் போனவர்கள் போனார்கள். சாக்லர் குடும்பத்தில் ஒருவர் மீதும் குற்றவழக்கு வரவில்லை. விதிவிலக்காக இன்னொரு நிறுவனத்தின் முதலாளி, அமிர்தசரஸில் பிறந்த ஜான் கபூர், 2020இல் ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மருத்துவர்களுக்கு அவரது நிறுவனம் தந்த லஞ்சத்துக்குச் சொற்பொழிவுக் கட்டணம் என்று பெயர். மேடையில் நின்று பேசுகிற எனக்கு அதை உச்சரிக்கவே கூசுகிறது.

2020இல் பர்டியூ மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பர்டியூவின் திவால் வழக்கு நடந்த நீதிமன்றத்தில் ரிச்சர்ட் சாக்லரிடம் கேட்டார்கள். இந்த ஓபியாய்டு நெருக்கடிக்கு உங்களுக்குப் பொறுப்பு உண்டா? இல்லை. உங்கள் குடும்பத்துக்கு? இல்லை. நிறுவனத்துக்கு? இல்லை. நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகும் மூன்றாவது இல்லை!

2022 மார்ச் 10. அதே திவால் வழக்கில் காணொளி வழியாக விசாரணை. சாக்லர் குடும்பத்தில் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மகனை உயிரற்ற உடலாகக் கண்ட நாளில் ஒரு தாய் அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைத்து அலறியிருந்தார். அந்த ஒலிப்பதிவை அவரும் கணவரும் நீதிமன்றத்தில் ஓடவிட்டார்கள். மற்ற இருவரின் முகம் திரையில் தெரிந்தது. ரிச்சர்ட் சாக்லர் ஒலி இணைப்பில் மட்டும் இருந்தார். அந்த அலறலைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை அந்தத் தாயால் பார்க்க முடியவில்லை.