கட்டாயம் வேண்டாங்க நடுவரே – பாம்பன் பட்டிமன்றத்துல நான் பேசுனது

எல்லாருக்கும் வணக்கங்க. நடுவர் ஐயாவுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும், தடைக்காலம்னு படகை ஓரங்கட்டிட்டு, வலை பொத்துற வேலையையும் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற சொந்தபந்தம் எல்லாருக்கும் வணக்கம். காத்து மைக்கை புடிச்சு இழுக்குது, கொஞ்சம் சத்தமாவே பேசிக்கிறேன்.

தலைப்பு என்ன? இந்த நாட்டு குடிமகன்னு சொல்லிக்கணும்னா கட்டாய ராணுவ சேவை வேணுமா வேண்டாமா. வேணும்னு பேசுன அண்ணே சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா பேசுனாரு. சிங்கப்பூரை பாரு, தென்கொரியாவை பாருன்னு நம்மளை ஓசியில ஒரு வேர்ல்டு டூர் கூட்டிட்டு போயிட்டு, கடைசியில "ரெண்டு வருசம் துப்பாக்கி தூக்காதவனுக்கு ஓட்டு எதுக்கு, பாஸ்போர்ட் எதுக்கு"ன்னு முடிச்சாரு, நீங்களும் விசில் அடிச்சீங்க. நானும் கை தட்டுனேன், பேச்சுக்குத்தான், கருத்துக்கு இல்ல.

சரி சிங்கப்பூருக்கே போவோம், நம்ம மாவட்டத்துல சிங்கப்பூர்ல சொந்தக்காரன் இல்லாத தெரு ஏது. 1965-ல மலேசியாவை விட்டு பிரிஞ்ச ஊரு அது, 1967-ல இந்த சட்டம் கொண்டு வர்றாக, அப்ப மொத்த ஜனமே ஏறக்குறைய 20 லட்சம்தான், வெள்ளைக்காரன் படையை கட்டிக்கிட்டு கிளம்புற மாதிரி நிக்கிறான், சொந்தமா சொல்லிக்கிற அளவுக்கு ராணுவம் கிடையாது. ஆள் இல்லாத வீட்டுல சின்னப் பிள்ளையையும் சேத்து வேலைக்கு கூப்பிடுற மாதிரி கூப்பிட்டாக, அது அவுக நெலமை. நமக்கு அப்படியா? இங்க வருசத்துக்கு 2 கோடி பேருக்கு மேல 18 வயச தொடுறாக, முப்படையும் சேத்தா 14 லட்சம் சொச்சம். இத்தனை பேருக்கு பூட்ஸ் வாங்குறதுக்குள்ளயே பட்ஜெட் முடிஞ்சிரும்ணே.

அது போக, ஆள் வராமலா இருக்காக? 2022-ல படைக்கு ஆள் எடுக்கிற அக்னிபத் திட்டம் வந்துச்சு, நாலு வருசம்தான், அதுக்கப்புறம் நூத்துக்கு 25 பேர் வரைக்கும்தான் உள்ள வைப்பாகன்னு தெரிஞ்சும் விமானப்படைக்கு மட்டும் 7 லட்சத்துக்கு மேல விண்ணப்பம். எடுத்தது சில ஆயிரம். நம்ம ஊரு பயலுக விடியக்காலையில ரோட்டுல ஓடுறானுகளே, எதுக்கு, சுகருக்கா ஓடுறானுக? கதவுக்கு வெளிய இத்தனை பேர் நிக்கும்போது, வீட்டுல தூங்குறவனை காலை புடிச்சு இழுத்துட்டு வரணும்னு சொல்ற நியாயம் எனக்கு புரியல.

ராமேஸ்வரத்துல பிறந்த ஒருத்தரு விமானப்படையில பைலட் ஆகணும்னு ஆசைப்பட்டு டேராடூன் வரைக்கும் போனாரு. 25 பேர்ல 8 பேரை எடுத்தாக, அவரு 9-வது. திரும்பி வந்துட்டாரு. எதிரணி கணக்குப்படி அப்துல் கலாம் சீருடை போட்டு சேவை பண்ணாத ஆளு, ஓட்டு போட தகுதி இருக்கான்னு அண்ணே யோசிச்சு சொல்லட்டும்.

என் தம்பியும் ராணுவத்துலதான் இருக்கான், அதனால எனக்கு ராணுவம் ஆகாதுன்னு யாரும் நினைச்சிராதீங்க. போன லீவுல வந்தப்ப இந்த தலைப்பை சொன்னேன். சோத்தை பிசைஞ்சுகிட்டே சொன்னான், "அக்கா, ராத்திரி டூட்டியில என் முதுகுக்கு பின்னாடி நிக்கிறவன் எப்படா ரெண்டு வருசம் முடியும்னு காலண்டர் கிழிக்கிறவனா இருந்தா நான் எப்படிக்கா முன்னாடி பாக்குறது?" வேண்டா வெறுப்பா பிள்ளைய பெத்து காண்டாமிருகம்னு பேரு வச்ச கதைதான்.

அண்ணே சட்டத்தையும் இழுத்தாரு. அரசியல் சட்டம் 51ஏ-ல நாட்டை காக்கணும், கூப்பிட்டா சேவை பண்ணணும்னு கடமை எழுதியிருக்குன்னாரு. உண்மைதான், 1976 திருத்தத்துல வந்தது. அதே சட்டத்துல 23-வது பிரிவுலயும் பொது நோக்கத்துக்கு அரசு கட்டாய சேவை கேக்கலாம்னு இருக்கு, அவரு விட்டதை நானே எடுத்துக் குடுக்கிறேன். ஆனா அதே 23-ல முதல்ல எழுதியிருக்கிறது என்ன? கூலியில்லாத வெட்டி வேலை, கட்டாய உழைப்பு கூடாதுங்கிறதுதான். சேவை பண்ணலைன்னா குடிமகன் இல்லன்னு ரெண்டுலயும் ஒரு எழுத்து கிடையாது. 1955 குடியுரிமை சட்டத்துலயும் பிறப்பால குடிமகனானவன் வேற நாட்டு குடியுரிமையை வாங்குனா இதை இழப்பான், மத்தபடி தண்டனையா புடுங்க வழி வைக்கல.

இந்த ரெண்டையும் முடிச்சு போட்டா என்ன கூத்து நடக்கும்னு அமெரிக்கா ஏற்கனவே காட்டிருச்சு. ரோசிகா ஷ்விம்மர்னு ஒரு அம்மா, ஹங்கேரியில இருந்து வந்தவுக, 50 வயச நெருங்குறப்போ குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டாக. தேவைப்பட்டா ஆயுதம் எடுப்பீங்களான்னு கேள்வி. எடுக்க மாட்டேன்னாக. 1929-ல உச்ச நீதிமன்றமே குடியுரிமை இல்லன்னு சொல்லிருச்சு. இத்தனைக்கும் பொம்பளைய சண்டைக்கே சேக்காத காலம் அது! எடுக்க விடாத துப்பாக்கிய எடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு தண்டனை. 1946-ல இன்னொரு கேஸ்ல கோர்ட்டே அந்த தீர்ப்பு தப்புன்னு மாத்திக்கிச்சு.

பொம்பளைன்னதும் ஞாபகம் வருது, சிங்கப்பூர்ல இந்த கட்டாயம் ஆம்பளைக்கு மட்டும்தான். துப்பாக்கி தூக்குனாத்தான் குடிமகன்னா, இங்க வலது பக்கம் உக்காந்திருக்கிற அத்தனை அக்காமாரும் யாரு, விருந்தாளியா? கொரியாவுலயும் ஆம்பளைக்குத்தான். அதுலயும் ஆசிய விளையாட்டுல தங்கம் அடிச்சா சலுகை, 2018-ல சன் ஹியுங்-மின்னு ஃபுட்பால்காரருக்கு அப்படித்தான் கிடைச்சுச்சு. தப்புன்னு சொல்லல. எந்த நாடா இருந்தாலும் கட்டாயம்னு ஒரு கதவு போட்டா பக்கத்துல ஒரு சந்து இருக்கும். வியட்நாம் சண்டையில காலேஜ் படிக்கிறவனுக்கு தள்ளிவைப்பு, காலேஜுக்கு வசதியில்லாதவன் காட்டுக்கு போனான். நம்ம ஊருல அந்த சந்து எவன் வீட்டு வாசல்ல இருக்கும்னு உங்களுக்கே தெரியும். தங்கச்சிமடத்து பய மாட்டுவான், பெரிய இடத்து பிள்ளைக்கு அன்னைக்குன்னு பாத்து முதுகுவலி வரும்.

எரித்திரியான்னு ஒரு நாடு, பேப்பர்ல 18 மாசம்னு போட்டிருக்கு, உள்ள போனவுக பல வருசமா வெளிய வர முடியல, அதுக்கு பயந்தே ஜனம் நாட்டை விட்டு ஓடுது. அவ்வளவு தூரம் எதுக்கு? அந்தா அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் இலங்கையில, கடைசி சண்டை நேரத்துல வீட்டுக்கு ஒரு பிள்ளைன்னு இழுத்துட்டு போனதை, தப்பிச்சு இங்கிட்டு வந்தவுக வாயாலயே நாம கேட்டிருக்கோம். நான் அரசியல் பேசல. கட்டாயத்துக்கு பயந்து பிள்ளைய ஒளிச்சு வச்ச தாய்மாரு நம்ம பக்கத்துலதான் மண்டபம் முகாம்ல இருக்காக, அவ்வளவுதான் சொல்றேன்.

அதே முகாமைத்தான் எதிரணி பாக்கணும். உழைப்பை குடு, உரிமைய வாங்கிக்கன்னு சொல்றாகளே, இங்க இருந்து இலங்கை தேயிலை தோட்டத்துக்கு போன மலையகத்து ஜனம் குடுக்காத உழைப்பா? மூணு நாலு தலைமுறையா தேயிலை கிள்ளி இலங்கைக்கே சம்பாதிச்சு குடுத்தாக, 1948-ல அங்க ஒரு சட்டம் வந்து நீங்க யாருன்னு கேட்டு குடியுரிமை இல்லன்னுருச்சு. 1964-ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், அஞ்சேகால் லட்சம் பேர் இங்கிட்டு, மூணு லட்சம் பேர் அங்கிட்டுன்னு மூட்டை பிரிக்கிற மாதிரி பிரிச்சாக. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல வந்து இறங்கி, மண்டபம் முகாம்ல தங்கினதை பாத்த பெரியவுக இங்கயே இருப்பீக. சேவை பண்ணா குடியுரிமை தானா வரும்ங்கிறது அந்த ஜனத்துகிட்ட போய் சொல்ற கதையா? நம்மளையே எடுத்துக்கங்க, ரெண்டாம் உலகப்போர்ல இங்க இருந்து 25 லட்சம் பேர் வெள்ளைக்காரனுக்காக சண்டைக்கு போனாக, அதுக்காக ஊருக்கே ஓட்டு வந்துச்சா? சொத்து இருந்தவன், வரி கட்டுனவன், நாலெழுத்து படிச்சவன், பெரும்பாலும் அவனுக்குத்தான் ஓட்டு. 1951-52 தேர்தல்லதான் சொத்து எங்க, படிப்பு எங்க, என்ன சேவை பண்ணன்னு ஒரு கேள்வியும் கேக்காம 17 கோடி பேருக்கு மேல ஓட்டு குடுத்தாக. அந்த கேள்வி கேக்காததுதாங்க பெரிய விசயம். அதை திரும்ப கேக்க வைக்கிறதுதான் எதிரணி கேக்குறது.

கடலோரத்துல சேவை இல்லையா? 2008 மும்பை தாக்குதலுக்கு அப்புறம் நமக்கு பயோமெட்ரிக் கார்டு குடுத்தாக, அதை பாலித்தீன் பையில சுத்தி டவுசர் பையில வச்சுக்கிட்டுத்தான் நம்மாளு கடலுக்கு போறான், சந்தேகமா ஒரு படகு தெரிஞ்சா 1093-க்கு போன் போடுறான். சம்பளமா, பென்ஷனா? 2018 வெள்ளத்துல கேரளா மீனவங்க படகை லாரியில ஏத்திக்கிட்டு போய் ஜனத்தை தூக்குனாகளே, எந்த சட்டத்துல ஆர்டர் போட்டாக?

எங்க சின்னம்மா சின்னப்பாலத்துல பாசி எடுக்கிறவுக. நாப்பது வருசம். விரல்ல துணிய சுத்திக்கிட்டு, பாறையில பாசிய பிச்சு பிச்சு, உப்புத்தண்ணியில ஊறி ஊறி, விரல் நுனி வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கும். போன மாசம் ஒரு ஆபீஸுல கைரேகை வைக்க சொன்னாக. வச்சாக, மெசின் சிவப்பு லைட்டு. தேங்காயெண்ணெய் தடவி, துடைச்சு, பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சாக, சிவப்புதான். அந்த தம்பி "ஆத்தா, உனக்கு ரேகையே இல்ல, அடுத்த வாரம் வா"ன்னு அனுப்பிட்டான்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, முடிச்சிட்டேன். சின்னம்மா அந்தா மூணாவது வரிசையில, பச்சை சேலை. எதிரணி அண்ணே அடுத்து எழுந்து பேசுறப்ப, உங்க சட்டம் வந்தா அவுக எந்த வரிசையில நிக்கணும்னு அவுக முகத்தை பாத்து சொல்லிட்டு மத்ததை பேசுங்க. வணக்கம்.