சிவப்பு வார்னிங் வந்ததும் கட்டத்தை நிரப்பாதீங்க: ஆவணக் காப்பக மென்பொருள்ல தப்பைத் தேடுறது எப்படி

[திரை: ஒரு கடிதக் கோப்போட ரெக்கார்டு, மேல சிவப்புல ரெண்டு வரி]

சேவ் குடுத்ததும் மேல சிவப்பா ரெண்டு வரி நிக்குது பாருங்க, ஒண்ணு தேதி மேல்மட்டத்தோட ஒத்துப்போகலங்குது, இன்னொண்ணு கிரியேட்டர், அதாவது ஆவணத்தை உருவாக்கினவர், வேணுங்குது. உடனே நம்ம கை என்ன பண்ணும், அந்தக் கட்டத்துல எதையாவது போட்டு சிவப்பை ஒழிச்சுடப் பாக்கும். கொஞ்சம் பொறுங்க, தப்பு இந்தப் பக்கத்துலயே இல்லாம இருக்கலாம்.

அதுக்கு முன்னாடி, வார்னிங் வேற, எரர் வேற. ஆட்டம் (AtoM), அதாவது ஆக்சஸ் டு மெமரிங்கிற காப்பக மென்பொருள், கட்டாயமான கட்டம் காலியா இருந்தாலும் சேவ் பண்ணிக்கும், லாகின் பண்ணினவங்களுக்கு மட்டும் சிவப்புல சொல்லிட்டு விட்டுரும். இன்னொரு மென்பொருளான ஆர்க்கைவ்ஸ்ஸ்பேஸ் அப்படி விடாது, ஒரு தொகுப்போட தலைமை ரெக்கார்டுல லெவல் (முழுத் தொகுப்பா, பிரிவா, கோப்பாங்கிற படிநிலை), தேதி, அளவு இதெல்லாம் இல்லன்னா சேவே ஆகாது. எந்தெந்தக் கட்டம் கட்டாயம்னு ஆட்டம் கேக்குறதும் சும்மா இல்ல, ஐசாட்-ஜிங்கிற சர்வதேச ஆவண விவரிப்புத் தரத்துல மொத்தம் 26 கூறு, அதுல குறியீடு, தலைப்பு, கிரியேட்டர், தேதி, அளவு, லெவல்னு இந்த 6 தான் அத்தியாவசியம்.

[திரை: இடது பக்கம் மரம் மாதிரி விரியுது, ஃபாண்ட்ஸ் (ஒருத்தரோட முழு ஆவணத் தொகுப்பு), சீரிஸ் (அதுக்குள்ள ஒரு பிரிவு), ஃபைல் (கோப்பு)]

சரி, தேதிக்கு வருவோம். இந்தக் கோப்புல 1963ன்னு போட்டிருக்கு, மரத்துல மேல ஏறிப் பாத்தா ஃபாண்ட்ஸ்ல 1925 முதல் 1960 வரைக்கும்னு இருக்கு. மென்பொருளுக்கு யார் சரின்னு தெரியாது, ரெண்டும் ஒத்துவரலன்னு மட்டும் சொல்லுது. நீங்க பெட்டியைத் திறந்து கடிதத்தைப் பாக்கணும், வேற வழி இல்ல. உண்மையிலேயே 1963ல எழுதினதுன்னா மாத்த வேண்டியது ஃபாண்ட்ஸ் தேதியை, நடுவுல இருக்கிற சீரிஸையும் சேத்துப் பாத்துருங்க. ஆனா 1940ல எழுதின கடிதத்து ஓரத்துல யாரோ 1963ல ஒரு குறிப்பு கிறுக்கி வெச்சிருந்தா, கோப்போட தேதி 1940 தான், கிறுக்கலை விவரத்துல எழுதினா போதும். தேதியே இல்லாத கடிதமா? சிவப்பு போகணும்னு 1900ன்னு ஒரு சும்மா வருஷம் தட்டி வெக்கிறவங்களை எனக்குக் கண்டாலே ஆகாது, அஞ்சு வருஷம் கழிச்சுத் தேடுறவருக்கு அது நிஜத் தேதி ஆயிடும். ஆட்டத்துல காட்டுற தேதிக்குத் தனிக் கட்டம் இருக்கு, அங்க "1940கள், உத்தேசம்"னு எழுதிட்டு, ஆரம்பம் முடிவு கட்டத்துல 1940, 1949ன்னு போடுங்க.

கிரியேட்டர் வார்னிங் சுலபம். ஒவ்வொரு கோப்புலயும் பேரைத் திணிக்க வேணாம், உச்சியில ஃபாண்ட்ஸ்ல ஒரு தடவை குடுத்தா கீழ இருக்கிறதுக்கெல்லாம் சேத்துப் போயிரும்.

[திரை: எக்செல் ஷீட், தேதிப் பத்தி]

ரெக்கார்டுகளை மொத்தமா சிஎஸ்வில, அதாவது காற்புள்ளியால பிரிச்ச அட்டவணைக் கோப்புல, ஏத்துறப்ப தான் வேடிக்கை. ஒரே பத்தியில 1898-05-12 அப்படியே இருக்கும், 1903-05-12 மட்டும் வேற உருவத்துக்கு மாறியிருக்கும். ஏன்னா எக்செலோட காலண்டரே 1900ல தான் தொடங்குது, அதுக்கு முந்தின தேதியை அது வெறும் எழுத்தாத் தான் பாக்கும், பிந்தினதைத் தேதின்னு நினைச்சு திருத்திரும். இதுக்கு வழி, சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணித் திறக்காம இம்போர்ட் பண்ணி, அந்தப் பத்தியை டெக்ஸ்ட்னு முதல்லயே சொல்லிருங்க. சேவ் பண்றப்ப யூடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறிமுறையைத் தேர்ந்தெடுக்கலன்னா தமிழ் முழுக்க கேள்விக்குறியா வந்து நிக்கும்.

நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு. "தொகுப்பு"ன்னு லெவல் பட்டியல்ல இருக்கு, ஷீட்லயும் "தொகுப்பு"ன்னு தான் இருக்கு, ஆனா பொருந்தல. அந்த "தொ"ல இருக்கிற ஒகரத்தை யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணு தான், மெஷினுக்கு ரெண்டு வார்த்தை. ஷீட்ல இருக்கிறதை அழிச்சுட்டு, பட்டியல்ல இருக்கிற சொல்லையே காப்பி பண்ணி ஒட்டுங்க. கடைசியில ஒட்டிக்கிட்டிருக்கிற ஸ்பேஸும் இதே வேலையைத் தான் பண்ணும், ட்ரிம் போட்டா போயிரும்.

வரிசையும் பாத்துக்கங்க, பேரன்ட் வரி மேல, அதோட பிள்ளைங்க கீழ. தலைகீழா இருந்தா கோப்பு அம்மா இல்லாத பிள்ளையா உச்சியில போய் உக்காந்துக்கும்.

[திரை: ஆட்டம் 2.7ல சிஎஸ்வி சோதனைப் பக்கம்]

ஆட்டம் 2.7லேருந்து ஏத்துறதுக்கு முன்னாடியே சிஎஸ்வியைச் சோதிக்கிற வசதி வந்துருச்சு. மூவாயிரம் வரியையும் ஒரேயடியா தள்ளாதீங்க, ஒரு ஃபாண்ட்ஸ், ஒரு சீரிஸ், எட்டு கோப்புன்னு பத்து வரியை வெட்டி முதல்ல சோதிச்சு, டெஸ்ட் சர்வர்ல ஏத்தி, மரம் சரியா விரியுதான்னு பாத்துட்டு மிச்சத்தை எடுங்க.