பாட்டின் கடைசி அரை நிமிடம்

நண்பர்களே, வணக்கம்.

'லா பாம்பா' பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1987-இல் லாஸ் லோபோஸ் குழு வாசித்து அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. ஆனால் அதைக் கடைசிவரை கேட்டவர்கள் எத்தனை பேர்? மின்கித்தாரும் டிரம்ஸும் அடங்கி, சின்ன நரம்புக் கருவிகளின் சலசலப்பு மட்டும் மிஞ்சும் ஓர் இடம் அதில் உண்டு. அதற்குள் நாம் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவோம்.

இந்தக் குழு 1973-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உருவானது. மெக்சிகோ வம்சாவளிப் பையன்கள். ராக் இசையில் ஊறியவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மின்கித்தாரை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா அம்மா கேட்ட பாட்டுகளைப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அப்புறம் கல்யாணம், விருந்து, உணவகம் என்று வருஷக்கணக்கில் அதையே வாசித்தார்கள்.

குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கும் கான்ராட் லொசானோவின் கிட்டாரோனைப் பாருங்கள். பானை வயிறுபோலப் பருத்த பெரிய கித்தார். விரலுக்கு இடம் காட்டும் மெட்டுக் கம்பிகள் கிடையாது. இரண்டு நரம்புகளைச் சேர்த்து இழுத்தால்தான் அந்தக் கனத்த ஒலி வரும். ராக் பேஸ் வாசித்த கை அதற்குப் பழக வேண்டியிருந்தது.

குழுவின் பாடகர் டேவிட் ஹிடால்கோ விரித்துச் சுருக்கி வாசிக்கும் துருத்திக் கருவி, அக்கார்டியன் இருக்கிறதே, அதுவும் மெக்சிகோவில் பிறந்ததல்ல. ஜெர்மன், செக் குடியேறிகளோடு டெக்சஸ், வட மெக்சிகோ பக்கம் வந்து சேர்ந்தது. போல்கா என்ற அவர்களது நடன இசையும் கூடவே வந்தது. கலப்படமில்லாத பாரம்பரியம் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

1980-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஒலிம்பிக் ஆடிட்டோரியம் அரங்கில், பங்க் என்ற முரட்டு வேக ராக் இசையின் ரசிகர்கள் முன்னால் இதே நாட்டுப்புற இசையோடு ஏறினார்கள். கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தது. ஆனாலும் பங்க் மேடைகளை அவர்கள் விடவில்லை. மின்கித்தார் திரும்ப வந்தது. அக்கார்டியனும் கூடவே நின்றது.

'லா பாம்பா' மெக்சிகோவின் வேராக்ரூஸ் பகுதி நாட்டுப்பாட்டு. 1958-இல் அதை ராக்காக மாற்றிய ரிச்சி வாலன்ஸ், மறு வருஷமே விமான விபத்தில் இறந்தபோது வயது 17. லாஸ் லோபோஸ் அவர் வழியிலேயே தொடங்கி, முடிவில் பாட்டை வேராக்ரூஸுக்கே கொண்டுபோய் விடுகிறார்கள்.

அந்த வெற்றிக்கு அடுத்து, 1988-இல் வெளியிட்டது முழுக்க ஸ்பானிய மொழியில், மரபுக் கருவிகளோடு ஒரு தட்டு. விற்பனை முன்னதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் கிராமி இசை விருது கிடைத்தது.

சரி, ஒலிபெருக்கித் தம்பி தயாராக இருக்கிறார். அந்தக் கடைசி அரை நிமிடத்தை மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன்.