7 லிட்டருக்கு பில், உள்ளே போவது 5 லிட்டர்: பச்சைக்கிளிக்கு வீட்டிலேயே எண்ணெய் மாற்றினேன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு இன்ட்ரோ கிடையாது, மியூசிக் கிடையாது. கடுப்பில் இருக்கிறேன். என் கார் பச்சைக்கிளிக்கு கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றும் நேரம் வந்துவிட்டது, 60,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. ஓர் இடத்தில் கொட்டேஷன் கேட்டேன். எந்த இடம் என்று கமென்ட்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். 27,500 ரூபாய். இந்த மாதிரி வண்டியை வாங்கிவிட்டு விலைக்கு அழக்கூடாது என்பது என் கட்சி, அது உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது: கியர் எண்ணெய், 7 லிட்டர்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நிமிடம். பச்சைக்கிளி என்பது 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், கியர் தானாக மாறும் 6 கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ஊர் செக் நாடு, உள்ளே இருப்பதெல்லாம் ஃபோக்ஸ்வாகன். இதில் இருக்கும் டிக்யூ250 கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கிளட்ச் தேய்ந்து வரும் பொடியும் அதே எண்ணெயில்தான் கலக்கிறது, கியரை மாற்றும் ஹைட்ராலிக் வேலையையும் அதே எண்ணெய்தான் பார்க்கிறது. அதனால்தான் 60,000-க்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் ப்ரோ" என்று எழுதுகிறவர்களே, யாருடைய ஆயுளுக்கு?

சரி, அந்த 7 லிட்டர். காலி பெட்டியில் முதன்முதலில் ஊற்றும்போது 7 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும், உண்மைதான். ஆனால் வடித்துவிட்டு மாற்றும்போது உள்ளே போவது 5.2 லிட்டர் அளவுதான், மீதி உள்ளேயே சந்து பொந்துகளில் தங்கிவிடும். "அப்படியென்றால் மிச்ச எண்ணெயை டப்பாவோடு கொடுத்துவிடுவீர்களா?" என்று கேட்டேன். "சார், திறந்த டப்பாவைத் தர மாட்டோம்" என்று பதில். என் காசில் வாங்கிய எண்ணெய், சாமி! அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் உள்ள பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் இந்த வீடியோவைப் பார்த்து வேலையில் இறங்காதீர்கள். உங்களுடையது 7 கியர், உலர் கிளட்ச், எண்ணெயும் வேறு, முறையும் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

இதில் பெரிய தலைவலி என்ன தெரியுமா? எண்ணெயை மேலிருந்து ஊற்றுவதில்லை. வண்டிக்கு அடியில் எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட் இருக்கும் அதே ஓட்டை வழியாகக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். அதற்கு ஓட்டையில் திருகி ஹோஸ் மாட்ட ஓர் அடாப்டர் தேவை, மரை 24-க்கு 1.5, அதாவது 24 எம்எம் விட்டம், 1.5 எம்எம் மரை இடைவெளி. ஆன்லைனில் ஒரு செட் 6,000 ரூபாய் என்று போட்டிருந்தான், அதிலும் எனக்குத் தேவைப்படாத பத்துப் பதினைந்து துண்டுகள். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு 6,000 கொடுத்து ஒரு பித்தளைத் துண்டு வாங்குவேனா? இந்த ஊரில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது.

புது டிரெயின் போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கணபதிக்குப் போனேன். பட்டறையில் ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி போல்ட்டைப் பார்த்தார். "என்னங் தம்பி, பம்பு செட்டுக்குங்களா?" "இல்லைங்கண்ணா, காருக்கு." "காருக்கு இத்தனை சன்ன மரையா வெட்டியிருக்கான்?" மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தார், 1.5 சரியாக உட்கார்ந்தது. மூலையில் கிடந்த பித்தளைத் தடியை எடுத்தார், நடுவில் துளை போட்டார், ஒரு பக்கம் மரை வெட்டினார், மறுபக்கம் ஹோஸ் மாட்ட மூன்று வரி போட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிட்டார். 350 ரூபாய்! கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், இந்தப் பளபளப்பைப் பாருங்கள். இதை நான்கு நாளாக டிவி பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரம்மா கொலுவில் வைக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டார். பட்டறையின் முகவரியைக் கேட்காதீர்கள், கூட்டம் வந்தால் அவர் என்னைத்தான் திட்டுவார். அளவு போட்ட படம் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது.

எண்ணெயை மேலே தள்ள செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கைத்தெளிப்பான். புதிது, மருந்து வாடையே படாதது. நாசிலைக் கழற்றிவிட்டு ஹோஸை மாட்டினேன், வேலை முடிந்தது. டிரெயின் போல்ட்டைக் கழற்றும் 14 எம்எம் எல் கீ உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது.

இப்போது வேலை. வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும், நான்கு ஜாக் ஸ்டாண்ட். முன்பக்கம் மட்டும் தூக்கினால் எண்ணெய் அளவு தப்பாகிவிடும். போன வீடியோவுக்கு ஒருவர் ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்திய படத்தை அனுப்பியிருந்தார். அண்ணா, கும்பிட்டுக் கேட்கிறேன், ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், நீங்கள் அடியில் இருப்பீர்கள்.

டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கொஞ்சம்தான் வரும். முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதே ஓட்டைக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, 8 எம்எம் எல் கீ போட்டு அதையும் கழற்றினால்தான் மீதி கொட்டும். எனக்கு வந்தது கறுப்பு, லேசான தீய்ந்த வாடை. அளவு ஜாடியில் பிடித்தேன், 5 லிட்டர் கோட்டைத் தாண்டி நின்றது. 7 லிட்டராம், 7 லிட்டர்!

நிறுத்துங்கள், ஃபில்டரைச் சொல்லாமல் வந்துவிட்டேன். எண்ணெயை வடிக்கும் முன்பே அந்த வேலை. மேலே ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் 24 எம்எம் தலையோடு ஒரு மூடி தெரியும், அதற்குள்தான் கியர்பாக்ஸ் ஃபில்டர். மூடியின் ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங்கையும் மாற்றுங்கள், மூடியை இறுக்கும் விசை 20 நியூட்டன் மீட்டர். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு வெறும் 3, விரல் பலமே போதும்.

குழாயைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் எண்ணெய் ஏற்ற வேண்டும். அந்தக் குழாயின் உச்சிதான் அளவு. அதற்கு மேல் இருக்கும் எண்ணெய் தானாக வழிந்து வெளியே வந்துவிடும். கொஞ்சம் கூடுதலாகவே, ஐந்தரை லிட்டர் போல் ஏற்றி, போல்ட்டை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா கியருக்கும் ஒரு சுற்று போய்வந்து, பார்க்கில் போட்டு ஹேண்ட் பிரேக். எஞ்சின் ஓடும்போதே போல்ட்டைத் திறக்க வேண்டும், ஆனால் எண்ணெய் 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டும். சூடானால் எண்ணெய் விரியும், அளவு ஏமாற்றும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி ஃபோனில் பார்த்துக்கொண்டே இருங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் 35 டிகிரி வரட்டும் என்று காத்திருப்பார்கள். நமக்குத் தலைகீழ், வெயில் ஏறினால் வண்டியைத் தொடும் முன்பே 35. அதனால்தான் விடிகாலை, அதனால்தான் இந்தத் தூக்கக் கண். ஒழுக்கு மெலிந்து சொட்டுச் சொட்டாக வந்ததும் மூடினேன், போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர்.

கூடவே எஞ்சின் எண்ணெயும் மாற்றினேன், சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், இதை நான் பலமுறை போட்டிருக்கிறேன். 5.7 லிட்டர், 5டபிள்யூ-40 கிரேடு, டப்பாவில் ஃபோக்ஸ்வாகனின் தர எண் விடபிள்யூ 502 00 இருக்கிறதா பாருங்கள். ஃபில்டர் மேலேயே இருக்கிறது. அதை வடிவமைத்தவருக்குக் கோயில் கட்டலாம். எண்ணெய்த் தொட்டிக்கு பிளாஸ்டிக் பிளக் வைத்தவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் புது பிளக் போடுங்கள், நூறு இருநூறு ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது பிரேக் ஃப்ளூயிட். அதை ஏன் மாற்றினேன் என்றால், செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் கடைசியாக ஓட்டியபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. 2.1 கிலோமீட்டர் சின்ன டிராக், பிரேக் ஆறவே நேரம் கிடைக்காது. டாட் 4 தர ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நான் போட்டது மோட்டுல் ஆர்பிஎஃப் 600, புதிதில் 312 டிகிரி. ஈரம் இதையும் விடாது, டிராக்குக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

பழைய ஃப்ளூயிட்டைச் சக்கரம் சக்கரமாக வெளியே தள்ள பெடலை மிதித்தது வீட்டுக்காரம்மா. "மிதி, பிடி, விடு" என்று நான் கத்த, "மரியாதையாகச் சொன்னால்தான் மிதிப்பேன்" என்று அவர் சொல்ல, அந்த ஆடியோவை வெட்டிவிட்டேன். ஒன்று முக்கியம்: பிரேக் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் நான் தொடங்குவேன். அமெரிக்க வீடியோக்களில் பின் வலது என்பார்கள், அவர்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். நமக்குப் பின் இடது. ஃப்ளூயிட் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பழைய எண்ணெயெல்லாம் கேனில் இருக்கிறது. பழைய ஆயில் எடுக்க லைசென்ஸ் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுவேன். சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் சேனலை அன்சப்ஸ்கிரைப் செய்துவிட்டுப் போகலாம், நொய்யலுக்கு இருக்கிற கஷ்டம் போதும்.

கணக்கு கேட்பீர்கள். கியர்பாக்ஸ் வேலைக்கு மட்டும் எண்ணெய் 6 லிட்டர், ஃபில்டர், போல்ட், அடாப்டர், தெளிப்பான், எல் கீ எல்லாம் சேர்த்து 12,000-க்குள். மிச்சம் இருக்கும் அரை லிட்டர் என்னிடம்தான், டப்பாவோடு.

ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது இருந்த அந்தச் சின்ன உதறல் போய்விட்டது. கூலன்ட் இன்னும் தொடவில்லை, அது அடுத்த வீடியோ. ஈ20 பெட்ரோல் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் அதிலேயே பதில் சொல்கிறேன். வரட்டுங்களா.