இந்த ஆலோசனைக்கு காசு குடுத்தது யாரு?

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்.

எங்க அம்மா ராத்திரி எவர்சில்வர் டம்ளர்ல பால் ஆத்துவாங்க, அதுல ரெண்டு ஸ்பூன் மால்ட் பவுடர், அதுக்கு மேல ஒரு ஸ்பூன் சர்க்கரை. கையில காசில்லாத மாசத்துல கூட அந்த டப்பா மட்டும் வீட்ல தீராது. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிக்கு ஆள் பாக்கப் போனாலே ஹார்லிக்ஸ் பாட்டில்தானே. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல, அது சத்துன்னு அவங்களுக்கு நாள் தவறாம சொல்லிக்குடுத்தாங்க. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா, போர்ன்விட்டா மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்'னு போட்டு விக்காதீங்கன்னுச்சு. ஏன்னா 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது! நம்ம இத்தனை வருஷம் நம்பின பேரு அது.

விளம்பரத்தையாவது விளம்பரம்னு தெரிஞ்சுக்கலாம், ஆராய்ச்சியை எப்படிங்க? அமெரிக்காவுல 1960கள்ல சர்க்கரைக் கம்பெனிகளோட அமைப்பு ஒண்ணு ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்களுக்கு 6,500 டாலர் குடுத்துச்சு, 2016 கணக்குல 50,000 டாலர் கிட்ட வரும். 1967ல பெரிய மருத்துவ இதழ்ல அவங்க கட்டுரை வந்துச்சு, இதய நோய்க்கு கொழுப்பைத்தான் குத்தம் சொல்லி சர்க்கரை மேல இருந்த சந்தேகத்தை லேசாக்கிடுச்சு, சர்க்கரைக் கம்பெனிங்க குடுத்த இந்தக் காசைப் பத்தி அதுல ஒரு வரி இல்ல. 2016ல பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்த பிறகுதான் வெளிய தெரிஞ்சுது. அந்த ஆராய்ச்சியாளர்கள்ல ஒருத்தர், ஹெக்ஸ்டெட், பின்னாடி அமெரிக்க அரசோட உணவு இலக்குகளை எழுதறதுலயே கூட இருந்தார். கொழுப்பு எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு நான் சொல்ல வரல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க.

எம் பொண்ணு ஸ்கூல்ல ஒரு நாள் சத்துணவு பத்தி பேச்சு வச்சாங்க. வெள்ளை கோட்டு போட்ட ஒரு அம்மா நல்லாத்தான் பேசினாங்க, கீரை, முட்டை, பயறு எல்லாம் சொல்லிட்டு கடைசியா ஆளுக்கு ஒரு பவுடர் சாஷே குடுத்தாங்க. உங்களை யாரும்மா அனுப்பினாங்கன்னு எந்திரிச்சு கேட்டேன், கம்பெனிதான் சார்னாங்க. அதை முதல்லயே சொல்லியிருக்கணும்ல! மனசு ரொம்ப வெந்து போச்சு.

வீட்டுக்கு வந்து நானும் பொண்ணும் சாஷேயைத் திருப்பிப் பாத்தோம். முன்னாடி எலும்பு, மூளை, உயரம்னு கொட்டை எழுத்து, பின்னாடி எறும்பு மாதிரி எழுத்துல 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை. ஒரு தடவைக்கு 20 கிராம் பவுடர்னா 7 கிராம் சர்க்கரை, நம்ம போடற ஒரு ஸ்பூன் 5 கிராம், ஆக 12, காலையும் ராத்திரியும்னா 24. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பேப்பர்ல கணக்கு போட்டது எம் பொண்ணுதான். போட்டு முடிச்சுட்டு, அப்ப பாட்டி உங்களுக்கு எத்தனை வருஷம்பா இதைக் குடுத்தாங்கன்னு கேட்டா.