வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின்: மலையகத்தில் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வணக்கம். எஸ்பிரெசோ மெஷின் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, 15 பார் நல்லதா, 20 பார் நல்லதா?" என்றுதான். இரண்டையும் பார்க்க வேண்டாம். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. சூடான தண்ணீரை அழுத்தத்தோடு கோப்பித் தூளுக்குள் தள்ளி எடுக்கும் சின்னக் கடுங்கோப்பிதான் எஸ்பிரெசோ, அதற்கு வேண்டியது 9 பார் அழுத்தம். தண்ணீர் போக வழியே இல்லாமல் அடைத்தால் மெஷினுக்குள் இருக்கும் பம்ப் எவ்வளவு தள்ளும் என்பதைத்தான் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நல்ல மெஷின்களில் அதை 9-க்குக் குறைக்க உள்ளே ஒரு வால்வு இருக்கும்.

(திரையில்: தராசின் மேல் சின்னக் கோப்பை. கோப்பி இறங்க இறங்க எண் ஏறுகிறது.)

இதைக் கொஞ்சம் பாருங்கள். 18 கிராம் தூள் போட்டு இறுக்கியிருக்கிறேன். பம்ப் ஓடத் தொடங்கி ஆறேழு செக்கன் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கறுப்பாக ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பிறகு கித்துள் பாணி ஊற்றுகிற மாதிரி மெல்லிய இழையாக இறங்குகிறது. நிறம் கரும்பழுப்பிலிருந்து மெதுவாக வெளிறிக்கொண்டு வருகிறது. தராசு 36 கிராம் காட்டும்போது நிறுத்துகிறேன். போட்ட தூளைப் போல இரண்டு மடங்கு கோப்பி, 25 முதல் 30 செக்கனுக்குள். தொடக்கத்துக்கு இந்தக் கணக்கு போதும்.

சரி, அந்த 9 பார் எங்கிருந்து வந்தது? பம்ப் தள்ளுகிறது, உண்மைதான். ஆனால் எதிரே தூள் தடுத்தால்தான் அழுத்தம் ஏறும். தூள் கரடுமுரடாக இருந்தால் தண்ணீர் பத்து செக்கனில் ஓடிப்போய், கோப்பி புளிக்கும். மாவாக இருந்தால் அடைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் கசப்பு இறங்கும். இரண்டு லட்சம் ரூபாய் மெஷினும் இதை மாற்றாது. அதனால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்: முதலில் கோப்பி அரைக்கும் கிரைண்டருக்குக் காசு ஒதுக்குங்கள். மிச்சத்தில் மெஷின் வாங்குங்கள். கையில் இருக்கும் தொகையில் பாதியைக் கிரைண்டருக்குக் கொடுத்தாலும் தப்பில்லை.

கிரைண்டர் என்றதும் தேங்காய்ச் சம்பல் அடிக்கிற கிரைண்டரை எடுத்துவிடாதீர்கள். அதில் சுழல்வது பிளேட். அது கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். ஒரு பக்கம் புழுதி, ஒரு பக்கம் அரைக் கொட்டை. நமக்கு வேண்டியது பர் கிரைண்டர். பல் வெட்டிய இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே கொட்டை நசுங்கி, ஏறக்குறைய ஒரே அளவாக விழும். இடைவெளியை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டிக் குறைக்கலாம். எஸ்பிரெசோவில் ஒரு கிளிக் மாறினாலே நாலைந்து செக்கன் வித்தியாசம் வரும், ஆகவே கிளிக்குகள் நெருக்கமாக உள்ளதாகப் பாருங்கள். கையால் சுற்றும் கிரைண்டர்களில் இப்போது மிக நல்லவை வந்திருக்கின்றன. ஒன்ஸ்ப்ரெசோ, கிங்கிரைண்டர் போன்றவற்றின் எஸ்பிரெசோவுக்கான மாதிரிகள், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மின்சாரக் கிரைண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். 18 கிராம் அரைக்க ஒரு நிமிஷம் கை வலிக்கும், அவ்வளவுதான். கரண்ட் இல்லாவிட்டாலும் அரைக்கலாம்.

"வீட்டில் இடித்த தூளையே போட்டால் என்ன?" என்று அம்மா கேட்பார். கொத்தமல்லியும் சுக்கும் மிளகும் சேர்த்து வறுத்து இடித்த தூளுக்கு ஈடு எதுவும் கிடையாது, அதை வழக்கம்போலக் கொதிநீரில் போட்டுக் குடியுங்கள். மெஷினுக்கு மட்டும் வேண்டாம். அது மாவு போல நைசாக இருப்பதால், மெஷினில் தூள் போடும் வடியின் துளைகளை அடைத்துவிடும், மசாலா வாசமும் உள்ளேயே தங்கிவிடும்.

(திரையில்: தூள் போடும் இரண்டு வடிகள், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே.)

கடைக்குப் போனால் மெஷினின் கைப்பிடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் வடியை இப்படி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். ஒன்றில் நூற்றுக்கணக்கான சின்னத் துளைகள் வழியாக வெளிச்சம் தெரிகிறது. இது ஒற்றைச் சுவர் வடி. மற்றதில் உள்பக்கம் நிறையத் துளைகள். திருப்பினால் அடியில் ஊசி முனை அளவில் ஒரே ஒரு துளை. இது இரட்டைச் சுவர். இதில் அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஊசித் துளை. தூள் எப்படி இருந்தாலும் மேலே நுரை கட்டும், பார்க்க அழகாக இருக்கும், ருசி ஒரு எல்லையைத் தாண்டாது. கடையில் அரைத்த தூள்தான் வாங்குவேன் என்றால் இரட்டைச் சுவர் போதும். நல்ல கிரைண்டர் வைத்திருப்பவர், அந்த மாதிரிக்கு ஒற்றைச் சுவர் வடி கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது.

இனி நம் வீடுகளுக்கே உரிய விஷயங்கள். முதலாவது கரண்ட்.

சின்ன வீட்டு மெஷின் ஒன்று ஏறக்குறைய 1,200 முதல் 1,600 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போடுங்கள்: 1,500 வாட் என்றால் ஆறரை அம்பியர். பழைய வீடுகளிலும் லயக் காம்பராக்களிலும் இருக்கும் சின்ன உருண்டைப் பின் பிளக் பொயின்ட் 5 அம்பியருக்கானது. அதில் ஒரு அடப்டரைச் செருகி, அதிலேயே மல்டி பிளக் போட்டு, கேத்தலும் மெஷினும் ஓட்டினால் வயர் சூடாகி உருகும். நெருப்பு பிடிக்கவும் இடமுண்டு. 15 அம்பியர் பொயின்டோ, புதிய 13 அம்பியர் சதுரப் பின் பொயின்டோ வேண்டும். இல்லையென்றால் மெஷினுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தோட்டத்துக் கடைசியில், டிரான்ஸ்போமருக்குத் தூரமாக இருக்கும் வீடுகளில் மாலையில் பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கினால் ஹீட்டரின் பலம் நாலில் மூன்று பங்காகிவிடும், ஏனென்றால் அது வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறைகிறது. தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் பொய்லர் உள்ள மெஷின் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துச் சூடாகிவிடும். ஓடுகிற தண்ணீரை அந்த நொடியிலேயே சூடாக்கும் தேர்மோபிளாக் மெஷின்தான் திணறும், பாலை நுரைக்கும் ஆவியும் சோர்ந்து வரும். இடி மின்னல் காலத்தில், அதாவது ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றியே வையுங்கள். டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாடு உள்ள மெஷினில் முதலில் போவது உள்ளே இருக்கும் சின்ன எலக்ட்ரோனிக் போர்ட்தான்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடமோ மாமாவிடமோ சொல்லி எடுப்பிக்கிறீர்கள் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துபாய், குவைத், இங்கிலாந்து மெஷின்கள் நம் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். கனடா, அமெரிக்கா என்றால் 120 வோல்ட், அதை இங்கே செருகினால் அன்றோடு முடிந்தது.

இரண்டாவது, உயரம். இதைப் பற்றி நம் மொழியில் யாரும் விளக்கி நான் பார்க்கவில்லை, அதனால் நின்று சொல்கிறேன். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவில், கண்டியில் 98 அளவில். எஸ்பிரெசோவுக்குத் தண்ணீர் 90 முதல் 96 வரை வேண்டும். அப்படியென்றால் நுவரெலியாவில் எஸ்பிரெசோ சரியாக வராதா? பம்ப் மெஷினில் வரும். தண்ணீர் உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, ஆகவே 95 டிகிரியிலும் அது கொதிக்காமல் தூளுக்குள் போகும். கைப்பிடி இல்லாமல் வெறும் தண்ணீரை ஓட விட்டால் மட்டும் புஸ்ஸென்று ஆவியாகத் தெறிக்கும். அது பழுதல்ல, பயப்பட வேண்டாம்.

கேத்தலில் கொதிக்க வைத்து ஊற்றும் கை மெஷினில்தான் உயரம் பேசும். கேத்தலில் 94 இருந்தாலும், குளிர்ந்த உலோகத்தில் ஊற்றியதும் பத்து டிகிரி போய்விடும். அதனால் தண்ணீர் ஊற்றும் அந்த உலோகக் குழலைக் கேத்தலின் ஆவியில் சில நிமிஷம் வைத்துச் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். கொட்டையும் கொஞ்சம் கூடுதலாக வறுத்ததாக இருக்கட்டும். இளவறுப்புக்கு இந்தச் சூடு போதாது.

இப்படிச் சொன்னதால் கை மெஷினை ஒதுக்கிவிடாதீர்கள். மலையகத்தில் ஒருவர் முதன்முதலாக வாங்குவதென்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஃபிளேர், காஃபெலாட் ரோபோட் போன்றவற்றில் பம்ப் இல்லை, கையால் நெம்புகோலை அழுத்தினால் 9 பார் வந்துவிடும். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலம் நமக்கு மறக்கவில்லை. காஸ் அடுப்பும் ஒரு கை கிரைண்டரும் இருந்தால் அந்த நாளிலும் இதில் கோப்பி போடலாம். பழுதாக உள்ளே ரப்பர் வளையத்தைத் தவிர அதிகம் இல்லை. இது குறைந்த ரகமும் அல்ல. மிலானில் காஜியா 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நெம்புகோல் மெஷினில்தான் எஸ்பிரெசோவுக்கு மேலே அந்தப் பொன்னிற நுரையே வந்தது. மின்சாரப் பம்ப் வைத்த ஃபயேமா ஈ61 வந்தது 1961-இல். கை மெஷினின் குறை, பாலை நுரைக்க ஆவி கிடையாது.

வீட்டில் எல்லோரும் பால் கோப்பிதான் குடிப்பார்கள் என்றால் மின்சார மெஷினுக்கு வாருங்கள். டெலோங்கி டெடிகா, பிரெவில் பாம்பினோ இரண்டும் தேர்மோபிளாக் வகையைச் சேர்ந்தவை, ஒரு நிமிஷத்துக்குள் தயாராகும், சமையலறை மேசையில் அதிக இடம் பிடிக்காது. குளிர் காலையில் ஒரு விஷயம்: உள்ளே சூடாகிவிட்டாலும் கைப்பிடி ஐஸ் போல இருக்கும். தூள் போடாமல் ஒரு தடவை வெறும் தண்ணீரை அதன் வழியாகக் கோப்பைக்குள் ஓட விட்டு, இரண்டையும் சூடாக்கிக்கொள்ளுங்கள். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற ஒற்றைப் பொய்லர் மெஷின்கள் சூடாகக் கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் திருகாணியைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரியும், பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும். கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு நல்ல எலக்ட்ரீஷியனே சரிசெய்யக்கூடிய மெஷின் என்பது எனக்குப் பெரிய விஷயம். கோப்பிக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று என்று இருக்கும் இரட்டைப் பொய்லரெல்லாம் தினமும் ஏழெட்டுப் பால் கோப்பி போடும் வீட்டுக்கு. கோப்பித் தூளை அடைத்து வரும் சின்ன டப்பாவைப் போட்டு ஓட்டும் கப்சியூல் மெஷின் பற்றிக் கேட்பவர்களுக்கு: உங்கள் ஊரில் கப்சியூல் எப்போதும் கிடைக்குமா என்பதை முதலில் பாருங்கள்.

பால் பற்றி. மாட்டுக்காரரிடம் வாங்கும் பாலை முதலில் காய்ச்சி, ஆடையை எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகக் குளிரவைத்த பிறகே மெஷினின் ஆவியால் நுரைக்கச் செய்யுங்கள். 60–65 டிகிரியில், பாத்திரத்தைக் கையால் பிடிக்க முடியாமல் சுடும்போது நிறுத்திவிடுங்கள். பால்மாவும் சரிவரும். கட்டியில்லாமல் கரைத்து, அதையும் குளிரவைக்க வேண்டும்.

தண்ணீரில் நாம் கொடுத்து வைத்தவர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் தண்ணீரில் மெஷினுக்குள் வெள்ளையாகப் படிவு கட்டும். நம் பீலித் தண்ணீரில் அந்த உப்புகள் மிகக் குறைவு. மழை நாளில் கலங்கி வரும் மண்தான் நமக்குப் பிரச்சினை, வடிகட்டித் தெளியவைத்து ஊற்றுங்கள். பெரிய பொய்லர் உள்ள சில மெஷின்கள் தண்ணீரில் கரைந்த உப்பு வழியாக மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் நீர்மட்டத்தை அறிகின்றன. தண்ணீர் மிக மிருதுவாக இருந்தால், பொய்லர் நிறைந்திருந்தாலும் காலி என்று நினைத்துக்கொள்ளும். அப்படி நடந்தால் போத்தல் மினரல் தண்ணீர் கொஞ்சம் கலந்து பாருங்கள்.

கொட்டைக்கு வெளியே தேடி அலைய வேண்டாம். நம் முன்னோர்களை 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்தது கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869-இல் இலைத் துரு நோய் வந்து அந்தத் தோட்டங்களை அழித்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலையானது. மிஞ்சிய கோப்பிச் செடிகள் இன்னும் வீட்டுத் தோட்டங்களில் நிற்கின்றன. மேலே அரபிக்கா, கீழே ரொபஸ்டா. தெரிந்தவர் வீட்டில் பழுத்ததை மட்டும் பறித்துக் காயவைத்த கொட்டை கிடைத்தால் வாங்கி, தாச்சியில் கைவிடாமல் கிளறி வறுத்து, ஒரு வாரம் ஆறவிட்டு அரையுங்கள். மூட்டம் இறங்கும் ஊர்களில் டின்னைத் திறந்து வைத்தால் கொட்டை ஈரம் இழுத்து, நேற்றைய கிளிக் இன்றைக்குப் பொருந்தாது. இறுக்கமான மூடி அவசியம்.

கடைசியாக, பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு. விற்பவர் வீட்டிலேயே சூடாக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கைப்பிடியைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் ரப்பர் வளையம் போயிருக்கிறது, சின்னச் செலவு. ஆவிக் குழாயை மூடிய பிறகும் சொட்டினால் வாஷர், அதுவும் பெரிய விஷயமில்லை. பம்ப் சத்தம் போட்டும் தண்ணீர் வராவிட்டால் பம்ப் மாற்ற வேண்டியிருக்கலாம், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். தண்ணீரோடு வெள்ளைத் துகள்கள் வந்தால் உள்ளே படிவு கட்டியிருக்கிறது, பொய்லரைக் கழற்றிக் கழுவ வேண்டும். சுவிட்சைப் போட்டுச் சூடாகத் தொடங்கியதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஹீட்டரிலிருந்து கரண்ட் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.